சூரியப் புயல்: சதவீதத்தை எப்போது நம்பலாம்?

"சூரியப் புயல் வருகிறது, கம்ப்யூட்டரை ஆப் செய்யுங்கள்" என்று அவ்வப்போது ஒரு மெசேஜ் உலா வரும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். சூரியப் புயல் பாதிப்பது நீண்ட மின் தொடர்கள், சேட்டிலைட்கள், ஜி.பி.எஸ்., ரேடியோ ஆகியவற்றைத்தான். உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரை அது நேரடியாகத் தாக்காது. ஆனால் மின்சாரம் போகலாம். 1989 மார்ச் 13ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். எனவே முன்னறிவிப்பு அவசியம். அது எந்த அளவுக்கு நம்பகமானது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள நோவா விண்வெளி வானிலை மையம், அடுத்த மூன்று நாட்களுக்கு சூரிய வெடிப்பு வாய்ப்பைச் சதவீதமாகத் தருகிறது. "எக்ஸ் வகை வெடிப்புக்கு 10% வாய்ப்பு" என்று சொன்ன நாளில் வெடிப்பு நிகழ்ந்தால், கணிப்பு தவறா? ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. 10% என்று சொன்ன 100 நாட்களை எடுங்கள். சுமார் 10 நாட்களில் வெடித்திருந்தால் கணிப்பு சரி. 3 நாட்கள்தான் என்றால் மிகைப்படுத்தல். 25 என்றால் அலட்சியம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தினமும் நீண்டகால சராசரியையே சொல்லிக்கொண்டிருந்தால் கணக்கு பொருந்தும். யாருக்கும் பயன் இருக்காது. பெரிய சூரியப் புள்ளி உள்ள நாளையும் அமைதியான நாளையும் பிரித்துக் காட்ட வேண்டும். 1950ல் பிரையர் தந்த மதிப்பெண் முறை இரண்டையும் சேர்த்தே சோதிக்கிறது. 10% சொல்லி வெடித்தால் 0.9ன் வர்க்கம், அதாவது 0.81, வெடிக்காவிட்டால் 0.01. சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

எக்ஸ் வகை வெடிப்புகள் அபூர்வம். சூரியனின் சுழற்சியும் சுமார் 11 ஆண்டுகள். உச்ச ஆண்டுகளின் கணக்கை வைத்து அமைதியான ஆண்டுகளுக்குத் திருத்தம் செய்தால் தவறு வரும். ஆகவே பழைய பதிவுகளைத் தொடர்ந்து சரிபார்த்து, சதவீதத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு நடக்காமல் இல்லை. ஆனால் அதன் முடிவு தனி அறிக்கையில் கிடப்பதால் நமக்கு என்ன லாபம்? ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் கடந்தகால மதிப்பெண்ணையும் போட வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை நீங்களே செய்யலாம். எக்செல்லில் ஒரு காலத்தில் சதவீதம், அடுத்ததில் நடந்ததா (1), இல்லையா (0) என்று தினமும் குறித்து வாருங்கள். பயமுறுத்தும் மெசேஜை விட அந்த ஷீட் உங்களுக்கு அதிகம் சொல்லும்.