தோற்புற்றும் படக்கருவிகளும்

நோயை முளையிலேயே கண்டு களைதல் அறிவுடைமையாகும். முற்றவிட்டால் பெரும்பொருள் செலவிட்டும் மீள்வதற்கரிய நோய்களுள் மெலனோமா என்னும் தோற்புற்றும் ஒன்று. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களில் தோன்றும் இப்புற்று, தொடக்கத்தில் ஒரு சிறு மச்சம் போலவே காட்சியளிக்கும். அதன் தடிப்பு 1 மில்லிமீட்டரைத் தாண்டுமுன் கண்டறிந்தால், சிறிய அறுவையாலேயே பெரும்பாலோர் நலம் பெறுவர். உள்ளுறுப்புகளில் பரவிவிட்டாலோ மருந்துச் செலவும் மிகும், உயிரும் ஊசலாடும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்நோய் மிகுந்த நாடுகள். அங்கு வெயில் கடுமையானது. குடியேறிய ஐரோப்பிய வழியினரின் வெண்ணிறத் தோலோ அதனைத் தாங்கும் வன்மை குறைந்தது. ஆதலின் தோலை ஆராயும் கருவிகள் அங்குப் பெரிதும் பயன்படுகின்றன. அவற்றுள் எளியது டெர்மாஸ்கோப். கையில் அடங்கும் இவ்வொளிக் கண்ணாடி, மேற்றோலுக்குக் கீழுள்ள நிறக்கோலங்களையும் பெருக்கிக் காட்டும். மற்றொன்று, உடல் முழுவதையும் படமெடுத்து வைத்துச் சில திங்கள் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிடும் முறை. இதற்குச் செலவு மிகுதி.

இத்தகைய கருவி இருக்க, எல்லாரையும் ஆண்டுதோறும் படமெடுத்தால் என்ன என்று சிலர் வினவுவர். நல்லெண்ணத்தில் எழும் வினாவே. எனினும் அது பொருந்தாது. மச்சங்களுள் மிகப்பல தீங்கற்றவை. எல்லாரையும் சோதித்தால், ஐயத்தின்பேரில் வீணே அறுத்தெடுக்கப்படும் மச்சங்கள் பெருகும். பொருள் விரயமாவதோடு, உடலில் வடுவும் உள்ளத்தில் அச்சமும் மிஞ்சும். நோய்க்குறி இல்லாதார் அனைவரின் தோலையும் மருத்துவர் கண்ணால் பார்த்துச் சோதிப்பதற்கே போதிய சான்று இல்லை என்று, அமெரிக்க ஐக்கிய நாட்டு நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது.

முன்னரே இந்நோய் கண்டவர், குடும்பத்தில் பலர் இதற்கு ஆளானவர் ஆகியோரின் நிலை வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இத்தகையோரைப் பற்றிய ஆய்வொன்று 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடற்படமும் டெர்மாஸ்கோப்பும் கொண்டு 6 திங்களுக்கு ஒருமுறை சோதித்தல், வழக்கமான கவனிப்பைவிடச் செலவு குறைந்தது, நலம் மிகுந்தது என அது காட்டியது. புற்று முளையிலேயே அகப்பட்டதும், வீண் அறுவைகள் குறைந்ததுமே அதற்குக் காரணங்கள்.

எனவே, ஒரு கருவி செலவுக்குத் தக்கதா என்பது, அது யாருக்குப் பயன்படுகிறது, யார் கையில் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்ததாகும். டெர்மாஸ்கோப்பும் பயின்றவர் கையிலேயே சிறந்த பயன் தரும். ஆதலின் மருத்துவர்க்குப் பயிற்சியளிப்பதற்கே முதலில் பொருள் ஒதுக்குதல் வேண்டும்; பெருங்கருவிகளை இடர் மிகுந்தோர்க்கென வைத்தல் வேண்டும். ஏனையோர்க்குச் சட்டை, களிம்பு, தொப்பி ஆகிய மூன்றையும் ஆஸ்திரேலியர் 1981-ஆம் ஆண்டு முதலே வலியுறுத்தி வருகின்றனர். வருமுன் காக்கும் அவ்வெளிய வழியை மறந்துவிட்டுக் கருவிகளை மட்டும் பெருக்குதல், கரையை உடையவிட்டு நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.