நான் கையெழுத்துப் போடாத விண்ணப்பம்

சென்ற மாதம் ஒரு பெரியவருடைய மனத்தை நோகடித்துவிட்டேன். நோகடித்த இடம் குள்ளஞ்சாவடியில் ஒரு டீக்கடை. கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலிப் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது அந்த ஊர். சுற்றிலும் செம்மண், முந்திரித் தோப்பு. சாவடி என்றாலே வழிப்போக்கர் தங்கிப் போகிற இடந்தானே? நானும் ஒரு வழிப்போக்கனாகத்தான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பெரியவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். என்னைச் சின்ன வயது முதல் அறிந்தவர். இரண்டு டீ சொல்லிவிட்டு, மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தம்பி, இதைப் படித்துப் பார்த்து ஒரு கையெழுத்துப் போடு. எழுத்தாளன் கையெழுத்து இருந்தால் மேலிடத்தில் கவனிப்பார்கள்" என்றார்.

எழுத்தாளன் கையெழுத்தை பாங்கியிலேயே கவனிப்பதில்லை என்பது பாவம், அவருக்குத் தெரியாது. காகிதத்தைப் படித்தேன். அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் கடைசிப் பெரிய சண்டை 1783 ஜூன் மாதம் நம் கடலூரில்தான் நடந்தது. உலக சரித்திரத்தில் இடம் பெற்ற இந்தப் பெருமையை ஜனங்கள் அறியும்படி ஒரு நினைவுத் தூண் நாட்ட வேண்டும். அதில் இரு தரப்புத் தளபதிகளின் பெயர்களையும் பொறிக்க வேண்டும் என்று சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம்.

"மன்னிக்க வேண்டும், வாத்தியாரையா. இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"ஏன், செய்தி பொய்யா?"

"செய்தி நிஜந்தான். பெருமைதான் எங்கேயென்று தெரியவில்லை."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்று சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

செய்தியில் ஐயமில்லை. ஆனால் எங்கேயோ பதினாயிரம் மைலுக்கு அப்பால் மூண்ட நெருப்பு கடலூர் வரை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதை, பாஸ்டன் துறைமுகத்துத் தேயிலைக் கதை. 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். சுதந்திரப் போருக்கு வித்து விழுந்தது. பரீட்சைக்கு ஐந்து மார்க். அந்தத் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கும்பினியுடையது. நம்மை ஆண்ட அதே கும்பினி. அந்தச் சமயத்தில் அது கடனில் மூழ்கிக் கிடந்தது. வங்காளத்தை வாரிச் சுருட்டியும் யுத்தச் செலவுக்குப் போதவில்லை. 1770-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து, மூன்றில் ஒரு பங்கு ஜனங்களாவது மாண்டிருப்பார்கள் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே கணக்குச் சொன்னார். செத்தவர்களிடம் வரி வாங்க முடியாதல்லவா? லண்டன் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்கர் தலையில் கட்டிக் கும்பினியைக் கைதூக்கிவிடப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின் பலன்தான் பாஸ்டன்.

அமெரிக்கர்கள் இதை அறியாமல் இல்லை. ஜான் டிக்கின்ஸன் என்ற அவர்களுடைய தலைவர் ஒருவர் 1773-லேயே எழுதினார்: இந்தக் கும்பினி ஆசியாவில் என்னென்ன அக்கிரமம் செய்திருக்கிறது என்று பாருங்கள், பஞ்சத்தில் எத்தனை லட்சம் பேரைச் சாகவிட்டது என்று பாருங்கள், நாளை நமக்கும் அதே கதிதான் என்ற கருத்தில். ஆக, வங்காளத்துப் பிணங்கள் அமெரிக்கருக்குப் பாடமாயின. அதில் குற்றமில்லை, பிறர் கஷ்டத்தைப் பார்த்துப் பாடம் கற்கிறவன் புத்திசாலி. ஆனால் பாடம் கற்றவனுடைய பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பாடமாகச் செத்தவனுடைய பெயர் எங்கே?

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், இங்கிலாந்து அமெரிக்கர்மீது வரி போடத் தொடங்கியதே 1763-இல் முடிந்த ஏழாண்டு யுத்தத்தின் கடனை அடைக்கத்தான். அந்த யுத்தத்தில்தான் 1760-இல் நம் வந்தவாசியில் சண்டை நடந்தது; 1761-இல் புதுச்சேரி தரைமட்டமாயிற்று. இரண்டு வெள்ளைக்காரர்கள் நம் வயலில் கட்டிப் புரண்டார்கள். அந்தச் செலவுக்கு மூன்றாவது வெள்ளைக்காரனிடம் பணம் கேட்டார்கள். அவன் கொடுக்க மாட்டேன் என்றதும் சண்டை மறுபடி நம் வயலுக்கே திரும்பி வந்தது!

எப்படி வந்தது? 1778-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்தார்கள். செய்தி எட்டியதும் சென்னைக் கும்பினியார் புதுச்சேரியை முற்றுகையிட்டு அந்த வருஷம் அக்டோபரில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு மலையாளக் கரையில் மாஹியைப் பிடித்தார்கள். மாஹி வழியாகத்தான் ஹைதர் அலிக்கு வெடிமருந்தும் துப்பாக்கியும் வந்துகொண்டிருந்தன. 'அது என் பாதுகாப்பில் உள்ள ஊர், தொடாதே' என்று அவர் எச்சரித்தும் கும்பினியார் கேட்கவில்லை. 1769-இல் அவருக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கையையும் அவர்கள் காப்பாற்றவில்லை. மராட்டியர் அவர்மேல் பாய்ந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு கோபமும் சேர்ந்து 1780 ஜூலையில் ஹைதர் மலையிறங்கிக் கர்நாடகத்துக்குள் புகுந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலப் படை ஒன்று அடியோடு அழிந்தது.

இந்த இடத்தில் சில நண்பர்கள் மார்தட்டுவார்கள். "தளபதிகள் வேண்டாம் என்றால் ஹைதர் பெயரைப் பொறித்துவிட்டுப் போகலாமே!" என்பார்கள். ஹைதர் வீரர், படிப்பில்லாமலே ராஜ்யத்தைப் பிடித்து ஆண்ட மேதை, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கர்களே 1782-இல் ஒரு போர்க்கப்பலுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்து, டெலவேர் வளைகுடாவில் ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடித்தார்கள். ஆனால் அதே ஹைதர், ஆங்கிலப் படைக்கு ஒரு பிடி நெல்லும் ஒரு மாடும் கிடைக்கக்கூடாது என்று சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைக் கொளுத்தினார். அந்த அழிவை 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் வர்ணித்தார். அந்த நெல் கும்பினியின் நெல்லா? மாடு கும்பினியின் மாடா? எரிந்தது செங்கற்பட்டுக் குடியானவனுடைய கூரை. பஞ்சம் வந்தது. ஜனங்கள் கூட்டங் கூட்டமாகச் சென்னைக்கு ஓடினார்கள். அவர்களுக்கு 1782-இல் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடந்தான் பிற்பாடு மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. அதையொட்டி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா? அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் உண்மையான நினைவுச் சின்னம் அந்தப் பெயர்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி ஸர் அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றார். கோயிலுக்குள் இருந்தது ஹைதரின் படை. நடராஜப் பெருமானை யாரும் யோசனை கேட்கவில்லை. ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற இடத்தில் காரன்வாலிஸ் பிரபு சரணடைந்தார். அங்கே சண்டை ஏறக்குறைய ஓய்ந்தது. இங்கே ஓயவில்லை. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் கடலூரைப் பிடித்தார்கள். டிசம்பரில் ஹைதர் காலமானார். 1783-இல் கிழட்டுத் தளபதி புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கினார்.

அவரை விரட்டச் சென்னையிலிருந்து புறப்பட்டவர் ஜெனரல் ஸ்டூவர்ட். முந்திய சண்டையொன்றில் ஒரு காலை இழந்தவர். ஏறக்குறைய நூறு மைல் தூரத்தைக் கடக்க அவருக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. ஜூன் 13-ஆம் தேதி கடலூருக்குத் தெற்கே பெரும் சண்டை. ஆங்கிலப் படையில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர். 20-ஆம் தேதி கடலில் சண்டை. ஸப்ரெனின் பதினைந்து கப்பல்கள் ஹ்யூஸின் பதினெட்டுக் கப்பல்களைச் சென்னைக்குத் துரத்தின. 25-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து தாக்கினார்கள். துப்பாக்கி முனை ஈட்டியால் அவர்களோடு மோதியவர்களில் முன்னே நின்றவர்கள் வங்காளத்துச் சிப்பாய்கள். எதிர்ப்பக்கத்திலும் சிப்பாய்கள் இருந்தார்கள், மைசூர்க்காரர்கள் இருந்தார்கள். நம்மவனை நம்மவன் குத்தினான். எதற்கு? பிலடெல்பியாவில் ஒருவனுக்குச் சுதந்திரம் கிடைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு!

இதிலே மகா கொடுமை ஒன்று உண்டு. இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதானப் பூர்வாங்கத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20-ஆம் தேதி. கடலூரில் ஆயிரம் பேர் விழுந்தது ஜூன் 13-ஆம் தேதி. நடுவே ஏறக்குறைய ஐந்து மாதம். காகிதம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தது; ஜூலை 2-ஆம் தேதி சண்டை நின்றது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 1812-இல் மறுபடி மோதியபோதும் இதே கூத்து நடந்தது. சமாதானம் எழுதி இரண்டு வாரம் ஆன பிறகு 1815 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் ரத்த ஆறு ஓடிற்று. ஆனால் அங்கே நின்றவன் தன் ஊரைக் காக்க நின்றான். கடலூரில் விழுந்த சிப்பாய் எந்த ஊரைக் காத்தான்?

அந்தக் காகிதத்தில் கடலூர் ஆங்கிலேயருக்கு. புதுச்சேரி, காரைக்கால், மாஹி பிரெஞ்சுக்காரருக்கு. டச்சுக்காரர்கள் அமெரிக்கரோடு வியாபாரம் செய்த பாவத்துக்காக நம் நாகப்பட்டினம் அவர்கள் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நம்மூரைக் கைமாற்றுவது அவர்களுக்குப் புதிதல்ல. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினி விலைக்கு வாங்கியபோது, பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரையுள்ள கிராமங்களெல்லாம் தனக்கு என்று எடுத்துக்கொண்டது. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் சாட்சி சொல்கிறது. அப்போது கும்பினியின் சென்னைக் கவர்னர் எலிஹு யேல். பின்னாளில் அவர் கொடுத்த நன்கொடைக்காகத்தான் அமெரிக்காவில் ஒரு கலாசாலை அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அங்கே பெயர் கலாசாலைக்கு; இங்கே பெயர் குண்டுக்கு.

பலன்களையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கருக்கு நாடு கிடைத்தது. அவர்களிடம் அடிமைப்பட்டிருந்த கறுப்பர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். பிரெஞ்சு மன்னருக்குக் கடன் கிடைத்தது. அந்தக் கடன் 1789-இல் அவர் சிம்மாசனத்தையே ஆட்டிற்று. நமக்குக் கிடைத்தவர் காரன்வாலிஸ் பிரபு! அமெரிக்காவில் வாளைக் கொடுத்துவிட்டுப் போனவர் 1786-இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-இல் திப்புவின் ராஜ்யத்தில் பாதியைப் பிடுங்கினார். அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கொண்டுபோனார். 1793-இல் வங்காளத்துக் குடியானவனை ஜமீன்தாரிடம் ஒப்படைத்தார். உயர்ந்த உத்தியோகங்களில் இந்தியன் நுழையாதபடி கதவைச் சாத்தினார். அங்கே விட்டதை இங்கே பிடித்தார் என்று சொன்னால் தப்பில்லை. அவருடைய கற்சிலை சென்னைக் கோட்டை மியூஸியத்தில் இன்றும் இருக்கிறது. பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க யுத்தத்துக்காக நம்மிடம் ஏற்கெனவே ஒரு கல் இருக்கிறது, வாத்தியாரையா. இரண்டாவது எதற்கு?

"கல் இல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுமே!" என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தெரியத்தான் வேண்டும். உலக சரித்திரம் வேறு, உள்ளூர்க் கதை வேறு என்று பிரித்துப் பிரித்துப் படித்ததால் வந்த கேடுதான் இது. தேயிலைப் பெட்டியின் எண்ணிக்கை தெரிந்த நம் பிள்ளைக்குக் கடலூரில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அவனுக்குச் சொல்லித்தர ஒரு ஆசிரியர் துடிக்கிறார் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவரோடு எனக்குள்ள வழக்கு ஒன்றே ஒன்றுதான். எஜமானர்கள் சண்டையிட்ட இடத்தில் நம் வீடு எரிந்ததை நம்முடைய பெருமையாக எழுதக்கூடாது. வழக்கில் சாட்சிகூட ஆகாதவன், 'வழக்கு என் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது' என்று மார்தட்டுவது அடிமைக் குணத்தின் மிச்சம். சுதந்திரம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்த மிச்சம் நம்மில் படித்தவர்களிடம்தான் அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, வாத்தியாரையா, தூண் நாட்டுங்கள். நானும் மண் சுமக்கிறேன். புஸ்ஸியும் ஸ்டூவர்ட்டும் ஸப்ரெனும் ஹ்யூஸும் அதில் வேண்டாம்; அவர்களுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. 1780 முதல் 1783 வரை பிறர் சண்டையில் இந்தச் சீமையில் குத்துண்டு செத்த சிப்பாய்களுக்கும், மாட்டைப் பறிகொடுத்த குடியானவர்களுக்கும், கஞ்சித் தொட்டி வரை நடக்க முடியாமல் வழியில் விழுந்தவர்களுக்கும் என்று தமிழில் மூன்று வரி பொறியுங்கள். அதற்குக் கீழே, சமாதானம் எழுதிய தேதியையும் சண்டை நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். படிக்கிறவன் கழித்துப் பார்த்துக்கொள்வான்.

அப்படித் திருத்தி எழுதிய விண்ணப்பத்தை இந்தக் கட்டுரையோடு அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் முதல் கையெழுத்துக்கு உரிய இடத்தை அவருக்காகக் காலியாக விட்டு, இரண்டாவதாக என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அவர் பாதியில் வைத்துவிட்டுப் போன டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன். அதை மட்டும் அவர் திருப்பித் தர வேண்டியதில்லை.