வளைவா, பாலமா?



ஜனவரியில் ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனதும், அங்கிருந்து நாலு நாள் கிரேக்க நாட்டு மலை ஊர்களுக்குப் போய் வந்ததும் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். "டீச்சர், சொர்க்கத்தையே பாத்துட்டு வந்துட்டீங்க" என்று பலர் எழுதியிருந்தீர்கள். "இந்த வயசுல பனியில எதுக்குடி போன?" என்று சின்ன அக்கா திட்டியிருந்தாள். இரண்டுக்கும் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது நம் பழைய மாணவர் குழுவில் நடக்கும் பேச்சில் வந்து நின்றுவிட்டது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தெசலோனிக்கி வரை விமானம். அங்கே வாடகைக் கார் எடுத்து, டிக்கியில் டயருக்கு மாட்டும் பனிச் சங்கிலியையும் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஓட்டினார். எக்னாதியா என்று ஒரு நெடுஞ்சாலை. 670 கிலோமீட்டர் நீளம், 2009-ல் முழுதாகத் திறந்தார்கள். பிண்டஸ் மலைத்தொடரைக் குடைந்து குடைந்து சுரங்கப்பாதைகள் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் பெயர் கதாரா. அவர்கள் மொழியில் அதற்குச் 'சாபம்' என்று பொருள். குளிர்காலத்தில் பனி மூடி வழி அடைபடும் கணவாய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்!

முதல் இரவு மெட்சோவோ என்ற ஊரில். மலைச் சரிவில் கல் வீடுகள், முழங்கால் அளவு பனி. சாயங்காலம் கடைத்தெருவில் பிள்ளைகள் பனியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எறிந்தது என் தோளில் பட்டது. கையைக் கட்டிக்கொண்டு வந்து ஏதோ சொன்னான். மன்னிப்புதான் கேட்டிருப்பான். அந்த முகபாவம் எனக்குத் தெரியாதா?

மறுநாள் ஸாகோரி பகுதிக்குப் போனோம். 'மலைக்குப் பின்னால்' என்று அர்த்தமாம். 46 ஊர்கள் அடங்கிய பகுதி. 2023-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர் கல், கூரை பலகைக்கல், தெருவும் கல். நடுவில் விகோஸ் என்ற பள்ளத்தாக்கு, சில இடங்களில் ஆழம் 900 மீட்டர். நீங்கள் சொர்க்கம் என்று எழுதிய படமெல்லாம் இங்கே எடுத்ததுதான்.

நாங்கள் தங்கிய ஊரில் 60 வீடு இருக்கலாம். காலை எட்டு மணிக்கு மாடி ஜன்னலில் நின்று, எந்தக் கூரையில் புகை வருகிறது என்று எண்ணினேன். ஆஜர் எடுக்கும் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போகுமா? ஒன்பது. அதில் ஒன்று நாங்கள் தங்கியிருந்த விடுதி. மற்றதெல்லாம் பூட்டிக் கிடந்தன. கோடையில் போயிருந்தால் இது தெரிந்திருக்காது. ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் கஷ்ட காலத்தில் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஊர் நடுவில் நம் ஆலமரத்தடி போல ஒரு பெரிய மரத்தடி. அதன் பக்கத்தில் உயரமான ஜன்னல்கள் வைத்த கல் கட்டடம். பார்த்ததுமே பள்ளிக்கூடம் என்று தெரிந்தது. கதவில் பூட்டு. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். கரும்பலகை இருந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள்.

விடுதி நடத்தும் அம்மாவுக்கு என் வயதுதான். புளித்த பாலில் உடைத்த கோதுமையைச் சேர்த்து, கோடை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருந்ததில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அவர் அந்தப் பள்ளியில் படித்தவர். அப்போது முப்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்களாம். அண்ணன் ஜெர்மனிக்குப் போனார். 1960-ல் கிரேக்கமும் மேற்கு ஜெர்மனியும் தொழிலாளர்களை அனுப்ப ஒப்பந்தம் போட்டன. அதற்கு முன்பே போரில் ஜெர்மன் படை இங்கே பல ஊர்களை எரித்திருந்தது. பிறகு 1949 வரை உள்நாட்டுப் போர். இருந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மொழிபெயர்க்க, அந்த அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் மகளும் ஜெர்மனியில்தானா? திரும்பி வருவாளா?"

மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கஞ்சியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஸாகோரிக்காரர்கள் இரு நூறு, முந்நூறு வருடங்களுக்கு முன்பே வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள். ருமேனியா, ரஷ்யா, கான்ஸ்டான்டினோபிள் என்று வியாபாரத்துக்குப் போனவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். பள்ளிகள் வந்தன. ஆறுகளின் மேல் கல் பாலங்கள் வந்தன. 1750-ல் கட்டிய ஒற்றை வளைவுப் பாலத்தில் ஏறி நின்றேன். 1814-ல் கட்டிய மூன்று வளைவுப் பாலம் ஒன்று, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல ஆற்றைத் தாண்டுகிறது. இரண்டும் பணம் கொடுத்தவர்கள் பெயரால் அழைக்கப்படுகின்றன. இதில் நான் வியந்தது, கட்டியவர் பெயர் மட்டுமல்ல, பிற்காலத்தில் பழுது பார்த்தவர் பெயரும் அந்தப் பாலங்களுக்கு நின்றிருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஊர் ஏன் காலியானது? போரும் வறுமையும் காரணம், சந்தேகமில்லை. இன்னொன்றும் காரணம் என்று நான் நினைக்கிறேன். பள்ளி வந்தது, படித்த பிள்ளைக்கு ஊரில் வேலை வரவில்லை. அப்படியானால் பள்ளிக்கூடமே ஊரைவிட்டுப் போகும் வாசலாகிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "நல்லா படிச்சா வெளியூர் போகலாம், இல்லாட்டி இங்கயே கிடக்க வேண்டியதுதான்" என்று உங்களில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சொந்த ஊரில் இருப்பது ஒரு தண்டனை என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆனாலும் அது பிழையான பாடம். பூட்டிய அந்தக் கதவின் முன் நின்றபோதுதான் உறைத்தது.

மெட்சோவோவில் மட்டும் பிள்ளைகள் சத்தம் எப்படிக் கேட்டது? அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட தோசித்சாஸ் என்ற செல்வந்தர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஊர்க்காரரான எவாங்கெலோஸ் அவெரோஃப் அவரிடம் பேசிப் பேசி, 1947-ல் அவர் பணத்தில் ஓர் அறக்கட்டளை தொடங்க வைத்தார். அந்த அறக்கட்டளை 1958-ல் ஒரு பாலாடைக்கட்டிப் பண்ணையை ஆரம்பித்தது. ஊர்ப் பிள்ளைகளை இத்தாலிக்கு அனுப்பித் தொழில் கற்றுவரச் செய்தார்கள். ஊரில் ஏற்கெனவே ஆடு மாடு உண்டு, பால் உண்டு. அதை வைத்தே தொழில். இன்று 'மெட்சோவோனே' என்ற அந்தப் பாலாடைக்கட்டிக்கு, நம் புவிசார் குறியீடு போல, ஐரோப்பாவில் பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது.

மெட்சோவோ பெரிய ஊர், நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர், ஆகவே ஒப்பிடுவது முழுச் சரியில்லை என்று மகள் வாதாடினாள். உண்மைதான். ஸாகோரியில் சுற்றுலா இல்லாவிட்டால் நான் எண்ணிய ஒன்பது புகையும் ஒன்பதாக இருக்காது என்றாள். அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருந்தாளி வந்தால் விடுதிதான் நிறையும், பள்ளிக்கூடம் நிறையாது.

நம் பள்ளியின் பொன்விழாவுக்கு நுழைவு வளைவு கட்ட நாலு லட்சம் திரட்டுகிறீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். ஆனால் பள்ளியில் இந்த வருடம் 19 பிள்ளைகள். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் பழுதாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பெரிய பெண்பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடுகிறார்கள், சிலர் திரும்பி வருவதில்லை. நம் ஊர்க் கடலை மூட்டை மூட்டையாய் வெளியூர் போய், எண்ணெயாய்த் திரும்பி வருகிறது. ஒரு கடலைச் செக்கு போட வேண்டும் என்று மகளிர் குழு மூன்று வருடமாகக் கேட்கிறது.

என் கருத்து இதுதான். முதலில் குழாயைச் சரி செய்யுங்கள். மீதிப் பணத்தை மகளிர் குழுவின் செக்குக்குக் கொடுங்கள். ஊரில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை வெளியே அனுப்பி, எண்ணெய்த் தொழிலும் கணக்கு வழக்கும் கற்றுவரச் செய்யுங்கள். செக்கு ஒன்று வந்தால் ஊர் மாறிவிடும் என்று சொல்லமாட்டேன். நாலு குடும்பம் இங்கேயே நின்றால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். 19 என்பது 25 ஆகலாம். எண்ணிக்கை குறைந்தால் பள்ளி நிலைக்காது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பேர் நிலைக்கணும்ல டீச்சர்?" என்று குழுவில் ஒருவன் கேட்டான். நியாயமான ஆசை. தாராளமாகப் பெயர் போடுங்கள். அந்தப் பாலங்களிலும் பெயர் நின்றிருக்கிறதே! ஆனால் அவை ஆளையும் கழுதையையும் மூட்டையையும் ஆற்றுக்கு மேலே தாங்கிய வளைவுகள். அதனால்தான் பெயர் நின்றது. குழாய் பழுது பார்த்த செலவுக்கும் பெயர் எழுதலாம், கூச்சப்பட வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பி வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. என் மகளிடமே கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்ப நினைக்கிறவனுக்கு ஊர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குழுவில் முடிவெடுக்கிறீர்கள். என் ஓட்டு குழாய்க்கும் செக்குக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன், எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவேன்.

சின்ன அக்காவுக்கு: ஸ்வெட்டர் இரண்டு போட்டிருந்தேன். காதையும் மூடியிருந்தேன்.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்