டி.பி மாதிரி... ஆனால் டி.பி இல்லை!

``ஆறு மாசமும் ஒருநாள் விடாம டி.பி மாத்திரை சாப்பிட்டேன் டாக்டர். இருமல் மட்டும் போகவே இல்லை!''

நெஞ்சக நோய் மருத்துவர்களுக்குப் பழகிப்போன புகார் இது. மாத்திரைக்கு அடங்காத டி.பி கிருமியும் காரணமாக இருக்கலாம். சிலருக்கோ, வந்திருப்பது டி.பி-யே அல்ல, சார்காய்டோசிஸ்.

பெயர்தான் வாயில் நுழையாது. மூச்சோடு உள்ளே போன ஏதோ ஒன்றை எதிரி என்று நினைத்து, நோய் எதிர்ப்பு செல்கள் நுரையீரலில் திரள்கின்றன. அது எது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. முதலில் டி செல்கள் வருகின்றன. அவை கூப்பிட, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் வந்து சேர்கின்றன. வந்த கூட்டம் கலையாமல் ஒன்றோடொன்று ஒட்டி, குட்டிக்குட்டி முடிச்சுகளாகிவிடுகிறது. இதுதான் கிரானுலோமா.

டி.பி-யிலும் இதே முடிச்சுதான். ஆனால், அதன் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக்கட்டிபோல நைந்திருக்கும். சார்காய்டோசிஸில் அப்படி நைவதில்லை. எக்ஸ்ரேயில் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பிராங்கோஸ்கோபி செய்து, துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். `இதுக்குப் போய் பயாப்சியா?' என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு துப்பு, கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ டெஸ்ட். டி.பி அதிகமுள்ள நம் நாட்டில் நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே அது வீங்கும். சார்காய்டோசிஸ் உள்ளவர்களுக்கோ பெரும்பாலும் வீங்குவதில்லை. டி செல்கள் நுரையீரலில் போய்க் குவிந்துவிட்டதால் தோலில் ஆள் பற்றாக்குறை என்பது ஒரு விளக்கம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சார்காய்டோசிஸுக்கு முக்கிய மருந்து ஸ்டீராய்டு. டி.பி இருப்பவருக்கு அதை மட்டும் கொடுத்தால் கிருமி இன்னும் பரவும். அதற்காக, இதைப் படித்துவிட்டு டி.பி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சார்காய்டோசிஸ் எல்லோருக்கும் சிகிச்சை கேட்பதில்லை. பலருக்குத் தானாகவே அடங்கிவிடும்; செக்கப் மட்டும் தவறக் கூடாது. கண் சிவந்து பார்வை மங்கினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நுரையீரலோடு நிற்கும் நோய் அல்ல இது.

இந்த நோய் உள்ளவர்கள், யாரோ சொன்னார்கள் என்று கால்சியம், வைட்டமின் டி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அந்த முடிச்சுகளே வைட்டமின் டி-யை வீரியமாக்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். பிறகு, இருமலோடு சிறுநீரகக் கல்லுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.