"ஒத்துக்கல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூணு வாரம்

ஜனவரி பொறந்தா இங்க மின்னியாபொலிஸ்ல நம்மாளுங்க வீடுகள்ல ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு, வாசல்ல பனி தள்ளுறது. இன்னொண்ணு, "இனிமே மைதா, சீனி, வெள்ளை அரிசி எல்லாம் கட்"னு சபதம் போடுறது. இந்தியன் ஸ்டோர்ல வரகு, சாமை, சிவப்பரிசி, காணம்னு வண்டி நிறைய ஏத்திட்டு வருவாங்க. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டா கொண்டாடினதுக்கு அப்புறம் இந்த வேகம் இன்னும் கூடிப்போச்சு. பத்து நாள் கழிச்சு போன் பண்ணிக் கேட்டா, "எனக்கு ஒத்துக்கலைங்க, ஒரே கேஸ்"ங்கிற பதில்தான் வரும். வரகு மூட்டை அலமாரி மேல் தட்டுக்குப் போயிடும்.

என் கட்சி என்னன்னா, இந்த "ஒத்துக்கல"ங்கிற தீர்ப்பை நாம ரொம்ப சீக்கிரம் எழுதிடுறோம். வயிறு அந்த சாப்பாட்டை வேண்டாம்னு சொல்லல. பழக்கம் விட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

எனக்கு ஊர் அம்பூரி. நெய்யாறு அணைக்குப் பக்கத்து மலையடிவாரம். வெள்ளறடை வழியா போகணும். வீட்டுல தமிழு, கடையில மலையாளம், சண்டைன்னு வந்தா ரெண்டும் :-). சின்ன வயசுல ராத்திரின்னா சிவப்பரிசிக் கஞ்சியும் பயறும் தேங்காத் தொவையலும். பிலா இலையைக் கோட்டி கரண்டியா வச்சுக் குடிப்போம். சாயங்காலம் மரச்சீனி அவிச்சு மீன் கறி. மழைக் காலம்னா சக்கை, சேம்பு, காச்சில். இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல 'ஹோல் ஃபுட்ஸ்'னு ஒரு பேரு இருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும்? அதைச் சாப்பிட்டு யாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து நான் பாத்ததில்ல.

அப்புறம் பொட்டி தட்ட இங்க வந்தோம். காலையில சீரியல், மத்தியானம் சாண்ட்விச், ஆணி அதிகமான நாள்ல பீட்சா. இப்படியே பல வருஷம். இதுக்குள்ள வயித்துக்குள்ள என்ன நடந்திருக்கும்?

இதுக்குப் பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு. மினசோட்டா யுனிவர்சிட்டிக்காரங்க தாய்லாந்துல இருக்கிற மாங், கரென் இன மக்களையும், அங்கேர்ந்து இங்க குடியேறினவங்களையும் சேத்து 500-க்கும் மேற்பட்டவங்களை ஆராய்ச்சி பண்ணி 2018-ல வெளியிட்டாங்க. அமெரிக்கா வந்த சில மாசத்துலயே குடல்ல இருக்கிற பாக்டீரியா வகைகள் குறைய ஆரம்பிக்குது. முக்கியமா, செடி கொடி நாரை உடைச்சுச் சாப்பிடுற வகைகள் போயிடுது. இங்க இருக்கிற வருஷம் கூடக் கூட இது கூடுது, இங்க பொறந்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். சாப்பாடு மட்டுமே காரணம்னு அவங்க சொல்லல, ஆனா சாப்பாடும் ஒரு காரணம். செயின்ட் பால் மாங் சந்தையில கீரைக் கட்டு வாங்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அவங்க கதையும் நம்ம கதையும் ஒண்ணுதான்.

இப்ப கணக்கைப் பாருங்க. சராசரி அமெரிக்கச் சாப்பாட்டுல ஒரு நாளைக்கு சுமார் 15 கிராம் நார்ச்சத்து. பெரியவங்களுக்குச் சொல்ற அளவு பெண்களுக்கு 25, ஆண்களுக்கு 38 கிராம். திங்கட்கிழமை காலையில 15-ல இருந்து 40-க்குத் தாவினா என்ன ஆகும்? பயறுல இருக்கிற சிலவகைச் சர்க்கரையை உடைக்கிற என்சைம் மனுஷனுக்கு கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும்போது வாயு வரும். இட்லி மாவு பொங்குற அதே சங்கதிதான். இது வியாதி இல்ல. ஆனா ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்திருக்கிறவனுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராதுங்கிறதையும் ஒத்துக்கிறேன்.

நல்ல சேதி என்னன்னா, இது அடங்கும். தினமும் அரை கப் பயறு சாப்பிடச் சொல்லி நடத்தின மூணு ஆய்வுகளோட முடிவு 2011-ல வந்தது. பின்டோ பீன்ஸ் சாப்பிட்டவங்கள்ல முதல் வாரம் பாதிப் பேருக்கு வாயு கூடிச்சு. நம்ம தட்டப்பயறு சாப்பிட்டவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குத்தான். அப்படிக் கூடினவங்கள்லயும் பத்துல ஏழு பேருக்கு மேல, ரெண்டாவது மூணாவது வாரத்துலயே சரியாப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. நம்மாளுங்க கைவிடுறது எப்போ? பத்தாம் நாள்!

பசியும் இதே மாதிரி ஆட்டம் காட்டும். சிவப்பரிசி, பயறு, காய் எல்லாம் தட்டு நிறைய இருக்கும், ஆனா கலோரி கம்மி. நாலு வாயிலயே வயிறு முட்டின மாதிரி இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு கை சிப்ஸ் பாக்கெட்டைத் தேடும். அதனால முதல் மாசம் எடை குறைக்கிற வேலையை இதோட சேக்காதீங்க. தேங்கா, மீன், முட்டை, நிலக்கடலை எல்லாம் தாராளமா இருக்கட்டும். 2019-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல 20 பேரைத் தங்க வச்சு, ரெண்டு வாரம் பாக்கெட் சாப்பாடு, ரெண்டு வாரம் வீட்டுச் சாப்பாடு மாதிரி சமைச்சதுன்னு கொடுத்தாங்க. வேணுங்கிற அளவு சாப்பிடலாம்னும் சொல்லிட்டாங்க. பாக்கெட் வாரங்கள்ல ஒரு நாளைக்கு 500 கலோரி அதிகமா உள்ளே போச்சு. மத்த வாரங்கள்ல பசியைத் தூண்டுற ஹார்மோன் குறைஞ்சும் இருந்துச்சு. அதாவது, பசியை நாம மல்லுக்கட்டி அடக்க வேண்டாம். அதுக்கு நேரம் கொடுத்தா அதுவே ஒரு அளவுக்கு வரும்.

பாட்டிமார் அடுக்களையில இதுக்கெல்லாம் வழி இருந்துச்சு, நாமதான் கவனிக்கல. பயறை ராத்திரியே ஊறப்போட்டு அந்த வெள்ளத்தை வடிச்சுக் கொட்டிட்டுத்தான் வேக வைப்பாங்க. வாயு தர்ற சர்க்கரையில ஒரு பகுதி அதோட போயிடும். மரச்சீனியையும் அவிச்சு வெள்ளத்தை வடிப்பாங்க, அதுல இருக்கிற விஷச்சத்து போகணும்னு. கஞ்சின்னா நாரும் வெள்ளமும் ஒரே கிண்ணத்துல. இங்க நாம சிவப்பரிசியை உதிரியா வடிச்சுத் தின்னுட்டு, குளிர்ல தண்ணி குடிக்க மறந்துட்டு, மலச்சிக்கல்னு அரிசியைத் திட்டுறோம். நார் கூடினா தண்ணியும் கூடணும்.

எங்க வீட்டுல போன வருஷம் தங்கமணிக்கு சுகர் பார்டர்ல வந்துச்சு, எச்பிஏ1சி 6.1. அதுல இருந்து நாங்க போற வழி இது: முதல் வாரம் ராத்திரிச் சாப்பாட்டோட ரெண்டு ஸ்பூன் பயறு, வேற ஒண்ணும் மாத்தல. ரெண்டாவது வாரம் அரை கப். மூணாவது வாரம் பாதி வெள்ளை அரிசி, பாதி சிவப்பரிசி. அதுக்கப்புறம்தான் கஞ்சி. வயிறு உப்புற நாள்ல அளவைக் குறைச்சோமே தவிர நிறுத்தல.

இதை நான் இவ்வளவு நீட்டி முழக்குறதுக்குக் காரணம் சுகர் மட்டும் இல்ல. போன தடவை ஊருக்குப் போனப்ப, மூணாம் நாளே எங்க பையன் வயித்து வலின்னு சுருண்டுட்டான். அம்மை என் பக்கத்துல வந்து, "நம்ம வீட்டுக் கஞ்சி பிள்ளைக்கு ஆவாதோ மக்ளே?"ன்னு மெதுவா கேட்டாங்க. பிள்ளைகளுக்குத் தமிழ் போயிடக்கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இருபது மைல் வண்டி ஓட்டுறோம். பாட்டி வீட்டுச் சாப்பாட்டைச் செரிக்கிற வயிறும் அதே மாதிரி பழக்கத்துல வர்ற சொத்துதான். மாசம் ஒரு நாள் சங்கத்து விருந்துல அது வராது. தினமும் ரெண்டு ஸ்பூன்ல வரும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசுங்க, சுகர் சட்டுனு இறங்கலாம். மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, விடாத வலி இதெல்லாம் "பழகிடும்"னு விடுற சமாச்சாரம் இல்ல. உடனே காட்டிடுங்க.