மொர்தெகாய் பேரில் மர்துக்

வன்னியம்பட்டியைச் சுற்றிய ஊர்களில் பெண்பிள்ளைக்கு ஆண்டாள் என்று பேர் வைப்பது சாதாரணம். ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படி ஒருத்தி ஞானஸ்நானத்துக்குப் போனால், “அந்நிய தெய்வத்தின் பேர் எதற்கு? எஸ்தர் என்று வைத்துக்கொள்ளம்மா” என்கிற போதகர்கள் உண்டு.

அந்த எஸ்தருக்கே அத்சாள் என்று இன்னொரு பேர் உண்டு என்கிறது வேதாகமம். எஸ்தர் என்பது பாபிலோனிய தேவி இஷ்தாரின் பேர் என்று ஒரு சாரார், பாரசீக மொழியில் விண்மீன் என்று இன்னொரு சாரார். அவளை வளர்த்த மொர்தெகாயின் பேரில் பாபிலோனின் தலைமைத் தெய்வம் மர்துக் இருப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

சவுல் ராஜாவின் கதை இன்னும் சுவை. அவர் மகனை நாளாகமம் எஸ்பால் என்கிறது. சாமுவேலின் புத்தகத்தில் அவனே இஸ்போசேத். பேரின் கடைசியில் இருந்த ‘பால்’, அதாவது பாகாலை உருவிவிட்டு, அந்த இடத்தில் ‘வெட்கம்’ என்ற சொல்லைச் செருகியிருக்கிறார்கள். யோனத்தானின் மகன் மேரிபாலுக்கும் இதே கதிதான், மேவிபோசேத் ஆனான். இத்தனைக்கும் பாகால் என்றால் எஜமான். சவுல் தன் கடவுளையே அப்படி அழைத்திருக்கலாம். தானியேலிலும் சாமுவேலிலும் உள்ள ‘ஏல்’, சிரியாவின் உகாரித்தில் கிடைத்த களிமண் பலகைகளில் தெய்வங்களின் தகப்பன்.

பவுலின் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்துவின் பேரில் அப்ரோதித்தே என்னும் கிரேக்க தேவி இருக்கிறாள். அப்பொல்லோவைச் சொல்லவே வேண்டாம். இவர்களைப் பேர் மாற்றச் சொன்னதாகப் பவுலின் நிருபங்களில் ஒரு வரி இல்லை. பேரை மாற்றியது பாபிலோன் அரண்மனை: தானியேலின் தோழன் அசரியாவை, நேபோ தெய்வத்தின் அடிமை என்று பொருள்பட, ஆபேத்நேகோ ஆக்கியது. அங்கே அழித்த பேரைத்தான் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா வைத்திருந்தார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒலி ஒத்துப்போகிறது என்று ஆபிரகாமையும் பிரம்மாவையும் முடிச்சுப்போடும் துண்டுப்பிரசுரங்களை நாம் ஆதரிக்கவில்லை. அதற்குச் சான்று கிடையாது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றபோது ஹென்றி ஆல்பிரட் சேர்ந்தது, கிருஷ்ணன் போகவில்லை. அந்தப் பேரோடுதான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ எழுதினார்.

ஆசைப்பட்டு மாற்றிக்கொள்கிறவர் மாற்றிக்கொள்ளட்டும். ஞானஸ்நானத்துக்கு அதை நிபந்தனை ஆக்க வேண்டாம் என்று போதகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.