கரிமீன் வீட்டு விருந்தாளி

உயிரியல் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் என்னைச் சிரிக்க வைக்கும். ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் பிராணியைப் பாடப்புத்தகத் தமிழ் 'விருந்தோம்பி' என்கிறது. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய பண்பு, செவுளின் சளியையும் தோலையும் தின்னும் புழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

திருவனந்தபுரம் மீன் கடைகளில் அப்படி இரண்டு விருந்தோம்பிகள் கிடைக்கும். ஒன்று கரிமீன், கேரள அரசு 2010-ல் மாநில மீனாக அறிவித்தது. மற்றது திலேப்பியா, நம் ஊர் ஜிலேபி கெண்டை. விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் இரண்டும் சிக்லிட் குடும்பத்துப் பங்காளிகள். கரிமீன் மண்ணின் மைந்தன். திலேப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களின் செவுள்களில் சிக்லிடோகைரஸ் என்ற தட்டைப்புழு வாழ்கிறது. 1960-ல் இலான் பாபெர்னா பெயரிட்ட பேரினம். இன்று அதில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரே மீனின் செவுளில் பல இனங்கள் சேர்ந்து குடித்தனம் நடத்துவதும் உண்டு. நத்தை, கொக்கு என்று இடைத்தரகர் எவரும் இவற்றுக்குத் தேவையில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நீந்திப்போய் நேராக மீனைப் பிடித்துக்கொள்ளும். மனிதரைத் தொற்றாது, மீன் பிரியர்கள் பயப்பட வேண்டாம்.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பிரித்தார். இந்தப் புழுவைப் பிரிப்பவர்கள் பார்ப்பது வால்பக்கத்துக் கொக்கிகளையும் ஆண் உறுப்பின் வடிவத்தையும். இரண்டு ஜோடி பெரிய கொக்கிகள், ஓரத்தில் பதினான்கு சிறியவை. அவற்றின் நீளத்தை மைக்ராஸ்கோப்பில் அளந்துதான் பெயர் வைக்க வேண்டும். இதற்கு ஆயுளைச் செலவிடுபவரைப் பார்த்து, 'இதனால் யாருக்கு என்ன லாபம்?' என்று கேட்பது சுலபம்.

நார்வேக்காரர்களிடம் அப்படிக் கேட்க முடியாது. கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற இன்னொரு தட்டைப்புழு, 1970-களில் ஸ்வீடனிலிருந்து வாங்கிய மீன்களோடு அங்கே நுழைந்தது. பால்டிக் கடல் சால்மன் அதைத் தாங்கிப் பழகியது. நார்வே சால்மன் தாங்கவில்லை. சுமார் ஐம்பது ஆறுகளில் தொற்று பரவியது. புழுவை ஒழிக்கப் பல ஆறுகளில் ரோட்டினோன் மருந்தைக் கலந்து மீன்களையே கொல்ல வேண்டியதாயிற்று. இதே புழுவைப் போலத் தோற்றமளிக்கும் இன்னொன்று வேறொரு மீனில் வாழ்கிறது. அது சால்மனைக் கொல்வதில்லை. பெயர் மாறினால் ஆற்றின் கதியே மாறிவிடும்.

கரிமீனுக்கும் சொந்தப் புழுக்கள் உண்டு. அவற்றில் என்டெரோகைரஸ் என்ற வகை செவுளை விட்டு வயிற்றில் குடியேறிவிட்டது. இவை நீண்ட காலமாகக் கூடவே வாழ்ந்து பழகியவை. புதிதாக வருபவைதான் கவலை. மடகாஸ்கரில் திலேப்பியாவிலிருந்து அத்தீவின் சொந்த சிக்லிட் மீன்களுக்குப் புழுக்கள் தாவியதை 2019-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கரிமீனின் நெருங்கிய சொந்தக்காரர்கள் சிலர் வாழ்வதும் அந்தத் தீவில்தான். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம்.

இங்கும் ஒரே தண்ணீரில் கரிமீனும் திலேப்பியாவும் வளர்கின்றன. குளத்திலோ கூண்டிலோ நெருக்கி வளர்த்தால் புழுவுக்கு அடுத்த வீடு பக்கத்திலேயே இருக்கும். எனவே வெளியிலிருந்து மீன் குஞ்சு வாங்குவோர் அதைச் சில நாள் தனித் தொட்டியில் வைத்து, ஒன்றிரண்டின் செவுளைப் பரிசோதித்த பிறகே காயலில் விடுவது நல்லது. பரிசோதிக்க, கொக்கிகளை அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தப் படிப்பைப் படிக்க விரும்பும் மாணவருக்கு ஒரு மைக்ராஸ்கோப்பும் ஓர் உதவித்தொகையும் கொடுப்பது, காயலையே மருந்திட்டுக் கழுவுவதைவிட மலிவு.

விருந்தோம்பல் நம் பண்புதான். வந்தவர் பெயரைக் கேட்பது அதற்கு விரோதமல்ல.